பனி வீட்டில் பால் காய்ச்சியது

2013 பெப்ரவரி 9, சனிக்கிழமை, காலை ஐந்து நாற்பது. பாரிசின் லா சப்பலில் மழையென்றும் பனியென்றும் சொல்ல முடியாத ஓர் ஊத்தைத் தூறல். மருந்துக்கடையின் பச்சை விளக்கு வெப்பநிலை ஒரு பாகை என்று காட்டிக்கொண்டிருந்தது. நானும் மனைவியும் மகளும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு மெத்ரோ பாலத்துக்குக் கீழே நின்றோம். தூண்களுக்கிடையில் ஏழு பேர் மட்டைப்பெட்டிகளை விரித்து, தலையையும் மூடிப் படுத்திருந்தார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டுதான் படியேற வேண்டியிருந்தது. அவர்கள் வேறு இடமில்லாமல் குளிரில் கிடக்கிறார்கள். நாங்கள் மூன்றாம் மாடியில் சூடான வீட்டைப் பூட்டிவிட்டு, ரயிலுக்குக் காசு கொடுத்து, மலையில் பனிக்குள் படுக்கப் போகிறோம். அந்த நிமிடத்திலேயே எனக்கு வயிற்றைக் குமட்டியது. அந்தக் குமட்டல் மறுநாள் மாலை வீடு திரும்பும்வரை முழுதாக நீங்கவில்லை.

போனது மகளுக்காக. அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஸ்தேனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் நல்ல வேலையில் இருந்தாள். கதிரை, மேசை, சாப்பாட்டுக் கூப்பன், வருடத்தில் ஐந்து கிழமை விடுமுறை, எல்லாம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அதை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, மலையில் ஆட்களை நடத்திக்கொண்டு போகும் வழிகாட்டியாகப் போகிறேன் என்று வந்து நின்றாள். ரூ காய் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் இருபத்திரண்டு வருடம் கணக்கெழுதியவன் நான். கூட்டியும் கழித்தும் பார்த்தேன், எந்தப் பக்கத்திலும் இந்தத் தொழில் பொருந்தி வரவில்லை. யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை. எங்கள் பரம்பரையில் ஒருவரும் எதன் மேலும் ஏறியதில்லை.

கோடைகாலப் பரீட்சைகளில் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது குளிர்காலப் பரீட்சை ஒன்றுதான். தேறினால் ஜூரா மலையில் ஒரு விடுதி டிசம்பரிலிருந்து வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அவளுடைய சேமிப்பு முடிந்துவிட்டது. தை மாதத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தமிழில் சொன்னாள். முக்கியமான விஷயங்களையும் கோபமான விஷயங்களையும் மட்டும்தான் அவள் வீட்டில் தமிழில் சொல்வாள்; மற்றதெல்லாம் பிரெஞ்சு.

"இந்தமுறை தவறினால் நான் திரும்ப ஒபிஸுக்குப் போறன், அப்பா. பேந்து இந்தக் கதை கதைக்க மாட்டன்."

"எழுதித் தருவியோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் கணக்குப் புத்தகத்திலை எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்" என்றாள்.

பரீட்சை இதுதான். பனியில் ஒருபோதும் படுத்திராத இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வழி தவறி இருட்டிவிட்டால் செய்வதுபோல, அவர்களையும் வேலையில் சேர்த்துக்கொண்டு பனியிலேயே ஒரு தங்குமிடம் கட்ட வேண்டும். இரவு அதற்குள் படுத்து, விடிய உயிரோடும் காய்ந்த காலுறையோடும் வெளியே வர வேண்டும். பரீட்சகர் ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். அவளுடைய சிநேகிதிகள் இருவர் வருவதாக இருந்தது. போவதற்கு முந்தின கிழமை ஒருத்திக்குக் காய்ச்சல். மற்றவளுக்குப் புத்தி வந்துவிட்டது. ஆகவே, அறுபத்தொன்பது வயதில் நானும் அறுபத்திரண்டு வயதில் என் மனைவியும்.

"உங்கடை வயசு ஆக்கள் காசி ராமேஸ்வரம் எண்டு போகினம். நாங்கள் ஐஸ் பெட்டிக்குள்ளை போறம்" என்றாள் மனைவி, ரயிலில், இட்லிப் பொதியை அவிழ்த்துக்கொண்டே.

ரயில் மூன்று மணி நேரம், பிறகு பஸ் ஒன்றரை மணி நேரம். பஸ் நின்ற இடத்தில், வாகனத் தரிப்பிடத்தில் வைத்தே, மகள் எங்கள் பைகளைப் பார்க்கத் தொடங்கினாள். பார்க்க வேண்டும் என்பது விதியாம். வேண்டாத பாரமும் ஆபத்தான பொருளும் மலைக்குப் போகக்கூடாது. என் பையிலிருந்து குடை, சிறிய வானொலி, சுடுதண்ணிப் பை, ஒரு கிலோ மிக்சர், வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தாள்.

"வெள்ளைச் சட்டை என்னத்துக்கு, அப்பா?"

"பரீட்சகருக்கு முன்னாலை பனியன் போலை ஒண்டைப் போட்டுக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

"அவர் உங்களைப் பாக்க வரேல்லை. என்னைப் பாக்க வாறார்."

பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். மனைவி தன் முதுகுப்பையின் முன்பக்கத்தில் தன்னுடைய கைப்பையைக் கட்டியிருந்தாள். அந்தக் கைப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். இந்த முப்பத்தொரு வருடத்தில் நான் அதற்குள் கைவிட்டதில்லை. பிள்ளைகளும் விட்டதில்லை. சில்லறை வேண்டுமென்றால் பையைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் எடுத்துத் தரும்வரை நிற்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்த ஒழுங்கல்ல, அப்படித்தான் இருந்தது. மகள் அந்தப் பையின் வாரைத் தொட்டாள். ஒரு கணம் நின்றாள். பிறகு வாரை இறுக்கிவிட்டு, "சரி, வெளிக்கிடுவம்" என்றாள்.

டென்னிஸ் மட்டை போன்ற ஒன்றை ஒவ்வொரு காலிலும் கட்டிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நடந்தோம். வாடகைச் சப்பாத்து. எனக்கு முன்னால் அதற்குள் எத்தனை பேருடைய கால்கள் வேர்த்தனவோ என்று நினைக்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே ஒரு வெளிக்கு வந்ததும், அங்கே கூடாரம் அடித்திருந்த பரீட்சகர் வந்து கை கொடுத்தார். நெடிய மனிதர், மீசையில் பனி உறைந்து தொங்கியது. அதைத் துடைத்துவிட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. "முசியே, இன்றிரவு பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை, நல்ல வாய்ப்பு" என்றார். வாய்ப்பாம்.

பனிவீடு கட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இப்போது சொல்லுவேன், யாரும் கேட்டதில்லை. பனியைக் கல்லுக் கல்லாக வெட்டி அடுக்கும் வீடு போன்றதல்ல இது. அதற்கு இறுகிய பனி வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். எங்களுடையது வெறும் குவியல். மண்வெட்டியால் பனியை அள்ளி, ஆள் உயரத்துக்குக் குவிக்க வேண்டும். அதைத் தட்டிவிட்டு, ஒன்றரை மணி நேரம் சும்மா விட வேண்டும். அப்போது பனி தன்பாட்டில் ஒன்றோடொன்று பிடித்து இறுகும். பிறகு முப்பது சதமமீற்றர் நீளத்தில் வெட்டிய குச்சிகளை வெளியிலிருந்து உள்நோக்கிக் குத்த வேண்டும். உள்ளே குடைந்துகொண்டு போகும்போது குச்சியின் நுனி தெரிந்தால் அங்கே நிறுத்த வேண்டும். சுவர் அதைவிட மெல்லியதானால் விழும். குச்சி எண்ணும் வேலை எனக்குத் தரப்பட்டது. நாற்பது. அன்று நான் செய்தவற்றில் எனக்கு அருவருப்புத் தராத ஒரே வேலை.

"ஆறுதலாய் அள்ளுங்கோ, அப்பா. வேர்க்கக் கூடாது" என்றாள் மகள். வேர்த்தால் உடுப்பு ஈரமாகும், ஈரமானால் இரவில் அதுவே கொல்லுமாம். மண்வெட்டியைக் கையில் தந்துவிட்டு வேர்க்காதே என்று சொல்லும் தொழிலை அன்றுதான் கண்டேன். என் கழுத்துக்குப் பின்னால் பனி உருகி முதுகு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அது வேர்வையா பனித்தண்ணியா என்று எனக்கே தெரியவில்லை.

மலசலகூடத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த நினைவு முழுமையாகாது. மகள் ஒரு மரத்துக்குப் பின்னால் குழியொன்றைக் காட்டினாள். சின்ன மண்வெட்டியொன்றைத் தந்தாள். கூடவே ஒரு பிளாஸ்ரிக் பையும்.

"இது என்னத்துக்கு?"

"கடதாசிக்கு. அதை இஞ்சை விடக் கூடாது. திரும்பக் கொண்டு போகோணும்."

"பாரிசுக்கோ?"

"பஸ் நிக்கிற இடத்திலை குப்பைத்தொட்டி இருக்கு, அப்பா."

மறுநாள் மதியம் வரை நான் எதுவும் குடிக்கவில்லை.

மாலை நாலரைக்கு வீடு தயாரானது. வாசல் ஒரு துளை, அதற்குள் நாலு காலில்தான் போக வேண்டும். படுக்கும் மேடை வாசலைவிட உயரத்தில் இருந்தது. குளிர் காற்று பாரமானது, அது கீழே இறங்கி வாசல் வழியாக வெளியே போய்விடும், ஆட்கள் மேலே சூட்டில் இருப்பார்கள் என்று மகள் விளக்கினாள். கூரையில் முஷ்டியளவு ஓர் ஓட்டை, மூச்சுக் காற்றுக்கு. உட்கூரையைக் கையுறையால் தடவித் தடவி வழவழப்பாக்கியிருந்தாள். மேடு பள்ளம் இருந்தால் அந்த இடத்திலிருந்து தண்ணி சொட்டுமாம். ஒரு மெழுகுதிரி ஏற்றி வைத்தாள். சுடர் மங்கினால் ஓட்டையைப் பார்க்க வேண்டும், அடைபட்டிருக்கும் என்றாள். உள்ளே நீல வெளிச்சம். ஈரக் கம்பளி நாறியது, அதற்கு மேல் மனைவியின் தலைவலித் தைலம். மேடையில் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் எங்களுடைய மூச்சு புகை போல நின்றது.

"நான் பரீட்சகருக்கு இடத்தைக் காட்டிப்போட்டு, விறகுத்தடியும் ரெண்டு எடுத்துக்கொண்டு வாறன். அரை மணித்தியாலம். ஒண்டையும் தொடாதேங்கோ" என்று சொல்லி மகள் வெளியே ஊர்ந்து போனாள்.

அவளுடைய காலடிச் சத்தம் ஓய்ந்தது. மனைவி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"என்னப்பா, அஞ்சு மணி வரைக்கும் நல்ல நேரம். கலண்டரிலை பாத்துக்கொண்டுதான் வந்தனான்."

"என்னத்துக்கு நல்ல நேரம்?"

அவள் கைப்பையைத் திறந்தாள். அதற்குள்ளிருந்து உள்ளங்கையளவு காஸ் அடுப்பு வந்தது. பிறகு புதுச் சட்டி, விலைத் துண்டு ஒட்டியபடியே. பிறகு அரை லீற்றர் பால், ஒரு சரை சீனி.

"உமக்கு விசரோ?"

"புது வீடு. பிள்ளை தன்ரை கையாலை கட்டினது. பால் காய்ச்சாமல் படுக்கிறதோ? அதுவும் நாளைக்கு ரிசல்ற் வரப்போகுது."

"நாளைக்கு விடிய விட்டிட்டுப் போற வீடு இது."

"லா சப்பல் வீடும் வாடகை வீடுதான். அதுக்கும் காய்ச்சினனாங்கள்."

எங்கள் ஆட்கள் எங்கே குடிபோனாலும், சொந்த வீடோ வாடகை அறையோ, முதல் வேலையாகப் பாலைக் காய்ச்சிப் பொங்கி வழிய விடுவோம். பொங்கினால் நல்லது. பொங்காவிட்டால் பொங்கும்வரை பார்த்திருப்போம். மேடைதான் சமமான இடம் என்று அடுப்பை அங்கே வைத்தாள். காற்று ஓட்டை வழியாக இறங்கிச் சுடரை அலைத்தது. தன் சால்வையைச் சுருட்டி அந்த ஓட்டையை அடைத்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுப்புச் சுடரின் சூடு முகத்தில் பட்டது. அன்று முழுநாளும் முதல் தடவையாக எனக்குக் காது இருக்கிறது என்று தெரிந்தது.

பால் பொங்கப் பதினொரு நிமிடம் எடுத்தது. அதற்குள் கூரை கண்ணாடி போல மினுங்கத் தொடங்கிவிட்டது. முதலில் ஒரு சொட்டு, என் நெற்றியில். பிறகு பல. "சொட்டுது" என்றேன். "பொங்கப் போகுது" என்றாள் மனைவி. மெழுகுதிரியின் சுடர் சிறுத்து மஞ்சளாகியிருந்தது. அதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. தலை இலேசாக வலித்தது, அதையும் தைல மணம் என்று நினைத்தேன். பால் பொங்கியது. சட்டியின் கிழக்குப் பக்கமாக வழிந்ததென்று மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். எது கிழக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வழிந்த பால் பனியில் மஞ்சள் குழியொன்றைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. அவள் கை கூப்பினாள். அப்போது அடுப்புக்கு மேலிருந்த கூரை ஒரு வயிறு போலத் தொங்கியது. ஈரச் சாக்கு விழுவது போன்ற ஒரு சத்தம்.

முழுக் கூரையும் விழவில்லை, மேடைப் பக்கம் மட்டும். அது போதும். மார்புக்கு மேல் ஈரப் பனி, வாய்க்குள் பனி, கை அசையவில்லை. பாலும் தைலமும் காஸும் கலந்த நாற்றம். நான் சாகப்போகிறேன் என்பதைவிட, இப்படிப்பட்ட நாற்றத்தில் சாகப்போகிறேன் என்பதுதான் அப்போது எனக்கு வந்த எண்ணம்.

மண்வெட்டிச் சத்தம் கேட்டது. மகள் மேலிருந்து வெட்டவில்லை. பக்கத்திலிருந்து, கையால் தோண்டிக்கொண்டு வந்தாள். முதலில் தாயின் முகம், பிறகு என் முகம். அடுப்பை எடுத்து வெளியே எறிந்தாள். எங்கள் இருவரையும் வாசல் பக்கமாக இழுத்துப் போட்டாள். பாலைக் கண்டாள், சட்டியைக் கண்டாள், சால்வையைக் கண்டாள். நான் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் மலை அதிரக் கத்தியிருப்பேன்.

"அம்மா, கால்விரல் தெரியுதோ? மடக்குங்கோ பாப்பம்."

அவ்வளவுதான் சொன்னாள். ஈரச் சட்டைகளைக் கழற்றச் செய்து, தன் பையில் வைத்திருந்த காய்ந்தவற்றைப் போட்டுவிட்டாள். இரண்டு பேரையும் ஒரே படுக்கைப் பைக்குள் திணித்து ஒரு மரத்தின் அடியில் இருத்தினாள். அதன் பிறகு பைன் மரங்களின் காற்று மறைவில் ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு பள்ளம் வெட்டினாள். மேலே ஊன்றுகோல்களையும் தடிகளையும் குறுக்காகப் போட்டு, அதன்மேல் படங்குத் துணி விரித்து, படங்கின்மேல் பனி போட்டாள். கீழே பைன் கிளைகள். வெளிச்சம் அடங்குமுன் முடித்துவிட்டாள். அன்று முழுக்க வேர்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவளின் தலைமயிரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

பரீட்சகர் வந்தார். விழுந்த குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து மணந்து பார்த்தார். என்ன நடந்தது என்று மகளிடம் கேட்டார்.

"உள்ளே அடுப்பு எரிந்தது. காற்றோட்டை அடைபட்டிருந்தது" என்றாள் மகள், பிரெஞ்சில்.

என் மனைவிக்குப் பிரெஞ்சு கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். படுக்கைப் பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னாள்: "முவா. லே." நான், பால். இரண்டே சொல்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார். "புறப்படும்போது பைகளைப் பார்த்தாயா?"

"ஒன்றைப் பார்த்தேன்."

"மற்றது?"

"பார்க்கவில்லை."

"ஏன்?"

தாயின் பை என்று மகள் சொல்லியிருக்கலாம், நானே சொல்ல வாயெடுத்தேன். "அது என் பிழை" என்றாள் அவள். "வாடிக்கையாளரின் பையைத் திறக்கக் கூச்சப்பட்டேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முடிவைச் சொன்னார். சிரித்த முகத்தோடு சொன்னார், அதுதான் தாங்கவில்லை. இரண்டாவது தங்குமிடம் இந்தக் கிழமை தான் பார்த்தவற்றில் மிகச் சிறந்ததாம். ஆட்களை எடுத்த விதமும் குறையில்லையாம். ஆனால், கூச்சத்துக்காக ஒரு பையைத் திறக்காத வழிகாட்டியிடம் தன்னால் ஆட்களை ஒப்படைக்க முடியாதாம். அடுத்த குளிர்காலம் திரும்ப வரலாமாம், கட்டணத்தோடு. கை கொடுத்தார். மீசையில் அதே பனிக்கட்டி.

ரயிலில் பாதி வழியில் மனைவி என் காதுக்குள் கேட்டாள், "நான் அவளுக்கு வாடிக்கையாளரோ?" நான் இட்லிப் பொதியின் கடதாசியை மடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். லெ பிளாங்-மெனிலில் ஒரு கணக்காய்வு அலுவலகம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, சமையலறையில் நின்று வெள்ளைச் சட்டையொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டியைத் தேய்த்து, திருப்பி, திரும்பவும் தேய்த்தாள். இரும்புப்பெட்டியின் ஆவி அவளுடைய தலைமயிரில் ஏறியது. பனியில் நாற்றம், ஈரம், குழி, வாடகைச் சப்பாத்து, எல்லாவற்றையும் இரண்டு நாள் சகித்தவன் நான். அந்தச் சட்டையைப் பார்த்தபோது வந்த குமட்டல் அவை எல்லாவற்றிலும் கூடியது. நான் இரண்டு வருடம் வேண்டி நின்ற காட்சி அது. இரும்புப்பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து இழுத்தேன்.

"கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"எந்தக் கட்டணம்?"

"உந்த மீசைக்காரன்ரை."

"அப்பா, நான் சொன்னனான்தானே..."

"கையெழுத்து வைக்கேல்லைத்தானே. எவ்வளவு?"

அன்று அவள் நேர்முகத்துக்குப் போகவில்லை. அடுத்த குளிர்காலம் நானும் மனைவியும் போக முடியாது என்று தெரியவந்தது. பனியில் படுத்த அனுபவம் உள்ளவர்கள் நாங்கள்! கடை முதலாளியைக் கேட்டேன். "காசு தந்து என்னை உயிரோடை புதைக்கப் பாக்கிறியளோ, அண்ணை?" என்றார். கடைசியில் ரூ காயில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் இரண்டு பேர் சம்மதித்தார்கள், இரண்டு நாள் சம்பளத்தையும் நான் கொடுத்தால்.

இந்தமுறை வழியனுப்ப என்னோடு மனைவியும் மெத்ரோ பாலம் வரை வந்தாள். வந்தவள் தன் கைப்பையைத் தானாகவே திறந்து மகளுக்கு முன்னால் பிடித்தாள். "நீங்கள் வரேல்லையே, அம்மா" என்றாள் மகள். "பரவாயில்லை, பார்" என்றாள் மனைவி. மகள் உள்ளே கைவிட்டு, அடிவரை பார்த்துவிட்டு, மூடிக் கொடுத்தாள். பிறகு அந்த இரண்டு பேருடைய பைகளையும் அங்கேயே, படுத்திருந்தவர்களுக்கு நடுவில் வைத்துக் கொட்டினாள். பிள்ளையார் படத்தைத் திரும்ப வைத்தாள். சூடப் பெட்டியை என்னிடம் தந்தாள். இரண்டு நாள் கழித்து, தேறிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள்.

கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்: பரீட்சைக் கட்டணம் 1,150. கோப்பை கழுவுபவர்களின் சம்பளம் 280. அவர்களுடைய ரயிலும் பஸ்ஸும் 214.60, வாடகைச் சப்பாத்து முதலியன 96. முதல் வருடம் எங்கள் இருவருக்கும் அதே 214.60, அதே 96. இன்னும் அந்த மலையில் எங்கேயோ கிடக்கும் புதுச் சட்டி 9.90. மொத்தம் 2,061 யூரோ 10 சதம்.